ரெண்டு தட்டு கிளட்சும் ஒரு இடது காலும்

டிஸ்கி: இது கார் பதிவு. கார் பிடிக்காதவங்க நடுவுல வர்ற கணக்கைத் தாண்டிப் போயிடலாம். ஆனா இதுல மாமனார், மருமகள், மேல் வீட்டுச் சேச்சி எல்லாரும் வர்றாங்க. அதனால ஒரேயடியா மூடிட்டுப் போயிடாதீங்க.

போன சனிக்கிழமை காலைல காபி டம்ளரோட பால்கனில உக்காந்திருந்தேன். திருச்சிலேருந்து தம்பி போன்.

"அண்ணே, வண்டி கிளட்ச் போயிடுச்சு. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தா மெக்கானிக் முழிக்கிறார். உள்ள இருக்கற ஃப்ளைவீல் இந்த வண்டியோடது இல்லையாம். தட்டும் இந்த வண்டியோடது இல்லையாம். யாருங்க இப்படிப் பண்ணி வெச்சதுன்னு கேக்கறார்."

"நான்தான்டா."

"எதுக்கு?"

அதுக்கு பதில் சொல்லணும்னா கொசுவத்தி சுத்தணும். தம்பிகிட்ட பாதி சொன்னேன். மீதியை அவன்கிட்ட சொல்ல ஒரு மாதிரி இருந்தது. உங்ககிட்ட முழுசா சொல்லிடறேன்.

2011ல ஒரு பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கினேன். 2006 மாடல், மஞ்சள் கலர் கிடைக்கலை, கறுப்புதான் கிடைச்சது. கார் பைத்தியங்களுக்கு இந்த வண்டியைப் பத்தித் தெரிஞ்சிருக்கும். பார்க்க சாதாரண குடும்ப வண்டி. டிக்கில பொன்னி அரிசி மூட்டை, ரெண்டு பெட்டி, ஊர்லேருந்து வர்ற வெட் கிரைண்டர் எல்லாம் அடங்கும். ஆனா மூடியைத் திறந்தா 1.8 லிட்டர், 20 வால்வு, டர்போ. 150 குதிரை, 210 நியூட்டன் மீட்டர் டார்க், அஞ்சு கியர். அந்தக் காலத்துல நம்ம ஊர்ல ஒரு நடுத்தரக் குடும்பஸ்தன் கைக்கு எட்டற வேகமான வண்டின்னா இது ஒண்ணுதான்னு அடிச்சுச் சொல்வேன். (தங்கமணிகிட்ட நான் சொன்னது "பாதுகாப்பான வண்டி, ஏர்பேக் இருக்கு". பொய் இல்லையே!)

அதே வருஷம் அக்டோபர் 30. கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட்ல இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். வெட்டல் ஜெயிச்சார். அது எங்களுக்கு முக்கியமில்லை. எச்ஆர்டி டீம்ல நம்ம நரேன் கார்த்திகேயன் ஓட்டினார். வரிசைல கடைசிக்குப் பக்கத்துல இருந்த கார், அதுல 17வதா வந்தார். ஒவ்வொரு சுத்துக்கும் நாங்க நாலு பேர் எழுந்து நின்னு தமிழ்ல கத்தினதுல, முன் வரிசைல இருந்த பஞ்சாபி குடும்பம் மூணாவது சுத்துலேருந்து அவங்களும் "நரேன், நரேன்"னு ஆரம்பிச்சுட்டாங்க. அந்த சத்தத்தைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்தவனுக்கு 150 குதிரை எப்படிங்க போதும்?

2012ல இன்ஜின் கம்ப்யூட்டர்ல ரீமேப் பண்ணினேன். டர்போ கூடக் கொஞ்சம் ஊதும், பெட்ரோல் கூடக் கொஞ்சம் குடிக்கும், 190 குதிரை, 300 டார்க்குன்னு பேப்பர்ல போட்டுக் கொடுத்தாங்க. ஒரு மத்தியானத்துல முடிஞ்ச வேலை. எல்லா டர்போ வண்டிக்கும் இதுல ஒரு சிக்கல் இருக்கு. இன்ஜினுக்கு நீங்க சொல்லிட்டீங்க, கிளட்சுக்கு யார் சொல்றது?

2012 ஆகஸ்ட்ல யமுனா எக்ஸ்பிரஸ்வே திறந்தாங்க. கிரேட்டர் நொய்டாலேருந்து ஆக்ரா வரைக்கும் 165 கிலோமீட்டர், ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி ரோடு. காருக்கு வேக வரம்பு நூறு. (நான் நூறுக்கு மேல போனேனாங்கறதை இங்க எழுதறதா இல்லை.) 2013 கோடைல ஒரு ஞாயித்துக்கிழமை, நாலாவது கியர், காலை முழுசா அழுத்தினேன். ஆர்பிஎம் முள் விர்ருன்னு மேல ஏறுது, வேக முள் அப்படியே உக்காந்திருக்கு. அஞ்சு செகண்ட்ல ஒரு நாத்தம். அடி பிடிச்ச பாலும் எரிஞ்ச ரப்பரும் கலந்த மாதிரி. கிளட்ச் வழுக்குது.

கிளட்ச் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். இன்ஜின் பக்கம் ஃப்ளைவீல்னு ஒரு கனமான இரும்புச் சக்கரம். எதிர்ல பிரஷர் பிளேட். ரெண்டுக்கும் நடுவுல உராய்வுத் தட்டு, அதுதான் கியர்பாக்ஸோட சேர்ந்து சுத்தும். பெரிய ஸ்பிரிங் ஒண்ணு மூணையும் சப்பாத்தி மாதிரி இறுக்கிப் பிடிச்சிருக்கும். நீங்க பெடலை மிதிக்கும்போது அந்த ஸ்பிரிங்கோடதான் மல்லுக்கட்டறீங்க. தட்டுக்கு முன்னும் பின்னுமா உராயற முகம் ரெண்டு. எவ்வளவு டார்க் தாங்கும்ங்கறது நாலே விஷயம்: எத்தனை முகம், எவ்வளவு உராய்வு, எவ்வளவு அழுத்தம், மையத்துலேருந்து எவ்வளவு தூரம். நாலையும் பெருக்கினா விடை.

ட்வின் டிஸ்க்னா தட்டு ரெண்டு. நடுவுல மிதக்கற மாதிரி ஒரு இரும்புத் தட்டு. ஆக முகம் நாலு. ஸ்பிரிங் அதேதான், தாங்கற சக்தி ரெண்டு மடங்கு. பெரிய ரகசியம் எதுவும் இல்லை. உங்க வீட்டு ஸ்ப்ளெண்டர், மாமா வெச்சிருந்த ஆர்எக்ஸ் 100, பெரும்பாலான பைக்லயும் கிளட்ச் பல தட்டுதான், ஆயில்ல ஊறிக்கிட்டு இருக்கும். ஃபார்முலா ஒன் கார்ல கார்பன்ல செஞ்ச பல தட்டு கிளட்ச், உள்ளங்கைல வெச்சுக்கற அளவுக்குச் சின்னது.

இதையும் டிஎஸ்ஜிங்கறாங்களே, அந்த டூயல் கிளட்சையும் குழப்பிக்காதீங்க. 2013ல வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐல இருந்தது அது. ஒத்தைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒண்ணு, மாத்தறதெல்லாம் கம்ப்யூட்டர், உங்க காலுக்கு வேலையே இல்லை. எங்கப்பாகிட்ட முதல்ல சொன்னப்போ அவர் வேற ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டார். "டபுள் கிளட்ச்சா? நம்ம சித்தப்பா டிராக்டர்ல இருக்கே!" டிராக்டர்ல இருக்கறது மூணாவது வகை. பாதி மிதிச்சா சக்கரம் நிக்கும், முழுசா மிதிச்சா பின்னால ஓடற ரோட்டவேட்டரும் நிக்கும். நாமக்கல் லாரி டிரைவருங்க பழைய கியர்பாக்ஸ்ல ரெண்டு தரம் மிதிச்சு கியர் போடுவாங்களே, அதையும் டபுள் கிளட்ச்னுதான் சொல்லுவாங்க. ஒரே பேர்ல நாலு பேர் சுத்தற தெரு மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருவோம். மத்த ஆர்எஸ்காரங்கள்ல பலரும் ஒத்தைத் தட்டுலயே கொஞ்சம் கெட்டியானது போட்டுத் திருப்தியா இருந்தாங்க. எனக்கு அது போதலை. வெளிநாட்டுலேருந்து ட்வின் டிஸ்க் கிட் வரவழைச்சேன். 184 மில்லிமீட்டர், சின்ன ஃப்ளைவீல், செராமிக் உலோகக் கலவைல பத்தை பத்தையா ஒட்டின தட்டு. வரி எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தாண்டிச்சு. (தங்கமணிகிட்ட சொன்ன தொகை வேற. இப்போ இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கப் போறாங்க.)

மாட்டின உஸ்தாத் நல்ல மனுஷன். பெட்டியைப் பிரிச்சு, தட்டைக் கைல வெச்சுத் திருப்பிப் பார்த்துட்டு, "சாப், யே ட்ராக் கா மால் ஹை. ஷெஹர் மே பைர் ரோயேகா"ன்னார். ரேஸுக்கான சரக்கு, ஊருக்குள்ள ஓட்டினா கால் அழும்னு அர்த்தம். நான் சிரிச்சேன். டெல்லில பதிமூணு வருஷமா ஓட்டறேன், என் கால் அழுமா?

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். அந்த வருஷக் கடைசில கிளப் நண்பர்கள் புத் சர்க்யூட்டை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாங்க. நரேன் ஓட்டின அதே தார். மூணாவது திருப்பம் தாண்டினதும் ஒரு கிலோமீட்டருக்கு மேல நேர் ரோடு. ரெண்டு, மூணு, நாலு. பெடலைத் தொட்டா போதும், கியர் வெண்ணெய்ல கத்தி. சின்ன ஃப்ளைவீல்ங்கறதால இன்ஜின் சட்டுனு இறங்கி சட்டுனு ஏறும். வழுக்கலா? மூச். எட்டு சுத்து முடிச்சு இறங்கினப்போ என் வயசுல பாதி குறைஞ்சிருந்தது. இந்த சாமானை எதுக்காகச் செஞ்சாங்களோ அந்த இடத்துல அதை விட நல்லது கிடையாது, இன்னிக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அடுத்த நாள் திங்கள்கிழமை.

மயூர் விஹார்லேருந்து குர்காவ்ன் ஆபீசுக்கு நான் போற வழி: டிஎன்டி, ஆசிரமம் சௌக், ரிங் ரோடு, தௌலா குவான், எட்டாம் நம்பர் நேஷனல் ஹைவே. அப்போ டிஎன்டில டோல் இருந்தது (2016ல ஹைகோர்ட் நிறுத்தின வரைக்கும்). குர்காவ்ன் எல்லைல இன்னொரு டோல், அதை 2014 பிப்ரவரிலதான் எடுத்தாங்க. ரெண்டு டோல் வரிசைக்கு நடுவுல ஆசிரமம் சௌக். அங்க அப்போ ஓட்டினவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஓட்டாதவங்களுக்கு: கிளாம்பாக்கம் வர்றதுக்கு முன்னாடி தீபாவளிக்கு முந்தின ராத்திரி பெருங்களத்தூரை நினைச்சுக்கோங்க, தினமும்.

செராமிக் தட்டுக்குப் பாதி கிடையாது. பிடிக்கும், இல்லை விடும். நடுவுல இருக்கற அந்த மெத்துனு நழுவற இடம், அதை வெச்சுத்தான் நாம ட்ராஃபிக்ல ஓட்டறோம்னு அது போனப்புறம்தான் தெரிஞ்சது. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் குறைவா இருந்தா இன்ஜின் நின்னுடும், அதிகமா இருந்தா முன்னால இருக்கற ஆட்டோ மேல பாயும். சிக்னல்ல பெடலை மிதிச்சுக்கிட்டு நின்னா நடுத்தட்டு கலகலன்னு ஆடும், சில்லறை போட்ட உண்டியல் மாதிரி. ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளிய நீட்டி, "சாப், இஞ்சன் கயா"ன்னு துக்கம் விசாரிச்சார். ஒரு நாள் எத்தனை தரம் மிதிக்கிறேன்னு எண்ணினேன். போக மட்டும் 412. ராத்திரி சோபால உக்காந்தா இடது முட்டி தனியாத் துடிக்கும். வாலினி தடவிக்கிட்டு, "பழகிடும்"னு எனக்கே சொல்லிக்குவேன்.

பழகிடுச்சு. எனக்கு.

நான் கவனிக்காத ஒண்ணு இருந்தது. அதுக்கு முன்னாடி தங்கமணி அந்த வண்டியை நல்லா ஓட்டுவாங்க. ஐஎன்ஏ மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைப்பூ வாங்கிட்டு வர்றது, கிருத்திகைக்கு ஆர்.கே. புரம் மலை மந்திர் போறது, பொண்ணைப் பாட்டு கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் அவங்கதான். கிளட்ச் மாத்தினதுக்கப்புறம் மெட்ரோல போக ஆரம்பிச்சாங்க. "பார்க்கிங் தொல்லை இல்லைங்க"ன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். வாழைப்பூவோட மெட்ரோல நின்னுக்கிட்டு வந்ததை ஒரு தரம் கூட நான் யோசிச்சுப் பார்க்கலை.

2014 பொங்கலுக்கு அப்பா வந்திருந்தார். திருச்சி பெல்ல முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெல்லி குளிர் ஆகாதுன்னு சொன்னா கேக்க மாட்டார், பேத்தியைப் பார்க்கணும். பொங்கல் முடிஞ்சு அஞ்சாவது நாள் நான் பெங்களூருக்கு ஆணி புடுங்கப் போயிருந்தேன். ரெண்டு நாள் வேலை.

ராத்திரி ஒண்ணரை மணிக்கு அப்பா எழுந்து உக்காந்திருக்கார். நெஞ்சுல பாறாங்கல் வெச்ச மாதிரி இருக்குன்னிருக்கார், இடது கை குடையுதுன்னிருக்கார், வேர்வை. ஜனவரில, மயூர் விஹார்ல, வேர்வை. தங்கமணி ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினப்போ பனிமூட்டம், நேரமாகும்னுட்டாங்க. ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர். கீழ வண்டி நிக்குது. சாவி ஆணில தொங்குது. பொண்ணை எழுப்பி மேல் வீட்டுல விடச் சொல்லிட்டு, அப்பாவைக் கைத்தாங்கலா லிஃப்ட்ல இறக்கி, பின் சீட்டுல உக்கார வெச்சுட்டு வண்டியை எடுத்தாங்க.

எங்க சொசைட்டி வாசல்ல ஒரு சின்ன ஏத்தம். பத்தடி இருக்கும். அதுல ஏறித்தான் ரோட்டுக்கு வரணும்.

முதல் தரம் நின்னுடுச்சு. ரெண்டாவது தரம் நின்னுடுச்சு. மூணாவது தரம் ஆக்சிலரேட்டரை நல்லா அழுத்தி கிளட்சை விட்டதுல வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சு மறுபடி நின்னு, பின்னால உருண்டு, பின் சீட்டுல அப்பா ஒரு பக்கமா சாய்ஞ்சுட்டார். நாலாவது தரம் ஒரே புகை நாத்தம். வாட்ச்மேன் தள்ள வந்து, வண்டி பாயறதைப் பார்த்துட்டு ஒதுங்கி நின்னுட்டார். அப்பா அந்த நிலைமைலயும், "பதறாதம்மா, மெதுவா, மெதுவா"ன்னுக்கிட்டே இருந்தாராம்.

அதுக்குள்ள பொண்ணு போய்க் கதவைத் தட்டினதுல மேல் வீட்டுச் சேச்சி நைட்டி மேல ஸ்வெட்டரோட ஓடி வந்தாங்க. கோட்டயத்துக்காரங்க, நர்ஸ். அப்பா முகத்தை ஒரு பார்வை பார்த்ததும் ஆஸ்பிரினைக் கடிச்சு மெல்லச் சொல்லி வாயில கொடுத்துட்டு, தன்னோட பழைய ஆல்டோவை எடுத்தாங்க. என் வண்டி ஏத்தத்துல வழியை மறிச்சு நின்னுது. அதைப் பின்னால தள்ளிவிட்டுத்தான் ஆல்டோ வெளிய போக முடிஞ்சது. வாட்ச்மேன், தங்கமணி, நாலாம் மாடி சர்தார்ஜி, மூணு பேரும் தள்ளினாங்க.

மொத்தமா வீணானது பதினெட்டு நிமிஷம்னு தங்கமணி பின்னால கணக்கு சொன்னாங்க.

அப்பா பிழைச்சுட்டார். ரெண்டு ஸ்டென்ட். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா"ன்னு டாக்டர் ஆரம்பிச்சு, என் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திக்கிட்டார். பனிமூட்டத்துல பெங்களூர் விமானம் தாமதமாகி நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தப்போ மறுநாள் மத்தியானம் மூணு மணி. ஐசியு வாசல்ல பெஞ்சுல தங்கமணி உக்காந்திருந்தாங்க. திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். "வண்டியை எடுக்க முடியலைங்க"ன்னாங்க. என்னமோ அவங்க தப்பு மாதிரி.

ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி அவங்களைக் கீழ கூட்டிட்டுப் போய், "எப்படி மிதிச்சேன்னு காட்டு"ன்னேன். சண்டைக்கு இல்லை, எனக்குப் பார்க்கணும்னு தோணுச்சு. சீட்டை முழுக்க முன்னால இழுத்துக்கிட்டாங்க. ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு காலை ஊணினாங்க. பெடல் கீழ போகுது, அவங்க உடம்பு சீட்டை விட்டு மேல எழும்புது. முழுசா எழும்பினப்புறம்தான் கிளட்ச் விடுது. அப்படி நின்ன வாக்குல அதைப் பதமா விடணும்னா எந்த மனுஷியால முடியும்? அஞ்சடி ஒரு அங்குலம் அவங்க. இத்தனை நாள் பக்கத்து சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேன், ஒரு நாள் இந்தப் பக்கம் உக்கார வெச்சுப் பார்க்கலை.

அப்பா டிஸ்சார்ஜ் ஆகி வந்து பத்து நாள் படுக்கைல. டிவி பார்க்கக்கூடாது, படி ஏறக்கூடாது. "அந்த கிளட்ச் விவரம் எல்லாம் கொண்டாடா"ன்னார். பேத்தியோட கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒண்ணை எடுத்துக்கிட்டார். பெல் ஆளுங்களுக்கு வேலை இல்லாம இருக்க முடியாது.

முதல் பக்கம், கம்பெனி கிளட்ச். அழுத்தம் 5,000 நியூட்டன்னு வெச்சுக்கிட்டார், உராய்வு 0.3, சராசரி ஆரம் 95 மில்லிமீட்டர், முகம் ரெண்டு. 285 வந்தது. "210 இன்ஜினுக்கு 285 தாங்கற கிளட்ச். சரியாத்தான் போட்டிருக்கான். நீ 300 ஆக்கினே, வழுக்கிச்சு. அதுவும் சரி."

ரெண்டாவது பக்கம், நான் போட்டது. அழுத்தம் 6,000, உராய்வு 0.4, ஆரம் 80, முகம் நாலு. 768.

பேனாவை வெச்சுட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு வேண்டியது 300. எதுக்குடா 768?"

பதில் இல்லை.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "இந்தத் தட்டு மேல தப்பு இல்லை. இதே நாலு முகத்தை 3,125 நியூட்டன்ல அழுத்தினாலே 400 தாங்கும். பெடல் கம்பெனி பெடலை விட லேசா இருந்திருக்கும். ரேஸ்காரனுக்குச் செஞ்ச ஸ்பிரிங்கை நீ வீட்டு வண்டில மாட்டியிருக்கே"ன்னார். அவர் சொன்னது நூத்துக்கு நூறு. ரெண்டு தட்டுன்னாலே கால் வலிக்கணும்னு விதி இல்லை. தெருவுல ஓட்டறதுக்குன்னே சாதாரண உராய்வுப் பொருள் ஒட்டி, நடுவுல ஸ்பிரிங் வெச்சு, மெதுவா பிடிக்கற ட்வின் டிஸ்க் கிட்டும் விக்கறாங்க. ரெண்டு மடங்கு முகம் கிடைச்சதை வெச்சு அழுத்தத்தைக் குறைச்சிருக்கலாம். நான் முகத்தையும் கூட்டி, அழுத்தத்தையும் கூட்டி, உராய்வையும் கூட்டியிருந்தேன். பேராசைக்குக் கணக்கு நோட்டுல 768னு பேர்.

அந்த ராத்திரியைப் பத்தி அப்பா ஒரு வார்த்தை பேசலை. அன்னிக்கும் இல்லை, இன்னிக்கு வரைக்கும் இல்லை. அந்த 768க்குக் கீழ ரெண்டு கோடு மட்டும் போட்டிருந்தார்.

மூணாவது பக்கத்துலதான் இப்போ திருச்சி மெக்கானிக்கை முழிக்க வெச்ச சாமான் வருது. ஃபோக்ஸ்வாகன் கொராடோ ஜி60னு பழைய வண்டி ஒண்ணு, அதோட ஃப்ளைவீல். அதே குடும்பத்து விஆர்6 இன்ஜினோட கிளட்ச். 228 மில்லிமீட்டர், ஒரே தட்டு. எங்க வண்டில இருந்த கியர்பாக்ஸுக்கு ரெண்டும் கச்சிதமா உக்காரும், உலகம் பூரா 1.8 டர்போகாரங்க போடற ஜோடி. ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டி. அப்பா 6,500ன்னு வெச்சு 370 வருதுன்னார். "300க்கு 370. போதும். மருமகள் மிதிச்சுப் பார்த்து சரின்னா மாட்டு."

கல்லூரி நண்பன் ஒருத்தன் ஜெர்மனில இருக்கான். ஊருக்கு வர்றப்போ சாக்லெட்டுக்கு பதிலா ஏழெட்டு கிலோ இரும்புச் சக்கரத்தைப் பெட்டில வெச்சுக் கொண்டு வந்தான். டெல்லி ஏர்போர்ட்ல ஸ்கேனர்காரர் என்னன்னு கேட்டதுக்கு, "தோசைக்கல்"னு உளறி வெச்சிருக்கான் பாவி. ஒரு மணி நேரம் நின்னான்.

ஜூன் மாசம் அதே உஸ்தாத்தான் மாட்டினார். "நான் சொன்னேனே"ன்னு ஒரு வார்த்தை சொல்லலை, ரெண்டு டீ சொன்னார். மாட்டி முடிச்சதும் முதல்ல நான் உக்காரலை. தங்கமணி உக்காந்தாங்க. மிதிச்சாங்க, விட்டாங்க, மிதிச்சாங்க, விட்டாங்க. "பழைய மாதிரி இல்லை, கொஞ்சம் கெட்டி. ஆனா ஓட்டலாம்"ன்னாங்க. கம்பெனி ஃப்ளைவீல் ரெண்டு பாகமா, நடுவுல ஸ்பிரிங் வெச்சு அதிர்வை விழுங்கற ரகம். ஜி60 ஒரே கட்டி. அதனால நியூட்ரல்ல கியர்பாக்ஸ் லேசா கடகடக்கும். "மாவு மெஷின் மாதிரி"ன்னு தங்கமணி பேர் வெச்சாங்க. வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தது அவங்கதான். அந்த வாசல் ஏத்தத்துல கீழ இறங்கும்போது நிறுத்தி, திருப்பி, மறுபடி மேல ஏறினாங்க. ஏறி, இறங்கி, ஏறி. மூணு தரம். வாட்ச்மேன் சல்யூட் அடிச்சார். நான் பக்கத்து சீட்டுல வாயைத் திறக்கலை.

ஆகஸ்ட்ல அப்பாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனதும் அவங்கதான். ஆசிரமம் சௌக் வழியா, சாயந்திரம் ஆறு மணிக்கு.

ட்வின் டிஸ்க்கை வாங்க சண்டிகர்லேருந்து ஒரு பையன் வந்தான். இருபத்திநாலு வயசிருக்கும், டிராக் ரேஸ் வண்டி கட்டறான், 400 குதிரைக்கு மேல. அவன் கணக்குக்கு அது சரியான சாமான். பாதி விலைக்குக் கொடுத்தேன். கொடுக்கறதுக்கு முன்னாடி, "இந்த வண்டியை வீட்டுல வேற யாராவது ஓட்டுவாங்களா?"ன்னு கேட்டேன். "இல்லை அங்கிள், டிரெய்லர்ல வெச்சுத்தான் கொண்டு போவேன், மம்மிக்கு தனியா ஆக்டிவா இருக்கு"ன்னான். சந்தோஷமாத் தூக்கி அவன் டிக்கில வெச்சேன்.

வண்டி எப்படி திருச்சி போச்சுங்கறது சின்னக் கதை. டெல்லில பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம், டீசலுக்கு 10னு பசுமைத் தீர்ப்பாயம் போட்ட வரம்பை 2018ல உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணிடுச்சு. எங்க வண்டிக்கு 2021ல கெடு. அதுக்கு முன்னாடியே என்ஓசி வாங்கி ஊருக்கு அனுப்பி, மறுபடி வரி கட்டி, தமிழ்நாட்டு நம்பர் வாங்கி, தம்பி ஓட்டிக்கிட்டிருக்கான். இப்போ அவன் பொண்ணு எல்எல்ஆர் எடுத்திருக்கா. திருவெறும்பூர் பக்கம் காலைல அவதான் ஓட்டிப் பழகறா. அதுலதான் பதினோரு வருஷம் உழைச்ச அந்த விஆர்6 தட்டு தேய்ஞ்சு முடிஞ்சிருக்கு. பாவம், கத்துக்கற காலுக்குக் கீழ எந்தத் தட்டு நிக்கும்?

இதையெல்லாம் தம்பிகிட்ட சுருக்கமாச் சொல்லி, "அதே தட்டு இப்பவும் கிடைக்கும், நான் ஆர்டர் பண்றேன்"ன்னேன். அதுக்குள்ள போனை அப்பா வாங்கிட்டார். எழுபத்தெட்டு வயசு, மெக்கானிக் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்காராம்.

"அந்தக் கணக்கு நோட்டு உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்குப்பா."

"மூணாவது பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு. இவர் கேக்கறார்."

மேஜை இழுப்பறைல, கேஸ் புக்குக்கு அடில இருந்தது. அட்டைல பொண்ணு பேரும் நாலாம் வகுப்பு 'பி' பிரிவும். மூணாவது பக்கத்தை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல அப்பா குரல் செய்தி வந்தது: "உராய்வு 0.3னு நான் அன்னிக்குக் குத்துமதிப்பாப் போட்டது. புதுத் தட்டோட பெட்டில என்ன போட்டிருக்குன்னு பார்த்துட்டு ஆர்டர் பண்ணு. அப்புறம், பாப்பா காலுக்கு எட்டுதான்னு பார்க்கணும், சீட்டை எவ்வளவு முன்னால தள்ளலாம்னு அளந்து வெச்சிருக்கேன்."